காத்ரின் லுண்டே 45 வயசு வரைக்கும் எறிபந்துல கோல் காத்தார். நம்ம தோட்டத்துப் பிள்ளைங்க ஏன் 17 வயசுல, ஐந்தாம் படிவத்தோட நிறுத்திடறாங்க?

செம்பனைக்காட்டுப் பெண் | சுங்கை சிப்புட், மலேசியா

எல்லாருக்கும் வணக்கம். ஸ்கூல்ல போலா பாலிங், அதாவது எறிபந்து (ஹேண்ட்பால்) விளையாடின அக்கா, தங்கச்சிங்க இந்தக் குழுவில நிறைய பேர் இருக்கீங்க. அந்த நம்பிக்கையிலதான் இந்த இழையைத் தொடங்கறேன். இங்க எறிபந்து பேசுவோம், அதுலயும் கோல் காக்கிற பொண்ணுங்களைப் பத்திப் பேசுவோம்.

2025 டிசம்பர்ல ரோட்டர்டாம்ல நடந்த பெண்கள் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில நார்வே ஜெர்மனியை 23-20ன்னு ஜெயிச்சது. அந்தப் போட்டியோட நாட்டு அணியிலிருந்து விடைபெற்றவர் காத்ரின் லுண்டே. கோல்கீப்பர். பிறந்தது 1980 மார்ச் மாசம், கிறிஸ்தியான்சான்ட்ங்கிற கடலோர ஊர்ல. கணக்குப் போட்டுப் பாருங்க, 45 வயசு.

நாட்டுக்காக முதல்ல இறங்கினது 2002-ல. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல தங்கம், இறுதியில ரஷ்யாவை 34-27ன்னு ஜெயிச்சாங்க. அந்த அணியில இவரோட கூடப் பிறந்த இரட்டைச் சகோதரி கிறிஸ்டினும் ஆடினார். 2012 லண்டன்ல மறுபடியும் தங்கம், மொண்டெனேகுரோவோட 26-23. இதோட நிறுத்தியிருந்தாலே பெரிய வாழ்க்கைதான்.

ஆனா எனக்கு இவரைப் பிடிச்சது அதுக்கு அப்புறம் நடந்ததுக்காக. 2016 ரியோவுக்கு வரும்போது இவர் ஒரு குழந்தைக்குத் தாய். அரையிறுதியில கூடுதல் நேரம் வரைக்கும் போய் ரஷ்யாகிட்ட 37-38ன்னு தோத்தாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு டோக்கியோ. திரும்பவும் அரையிறுதி, திரும்பவும் ரஷ்ய அணி, 26-27. ரெண்டு தடவையும் ஒரே ஒரு கோல். கோல் காக்கிறவளுக்கு ஒரு கோல்ல தோக்கிறது என்னன்னு அந்த இடத்துல நின்னவங்களுக்குத் தெரியும். எந்தப் பந்தை விட்டோம், எந்தக் காலை லேட்டா நீட்டினோம்னு ராத்திரி பூரா ஓடும். ரெண்டு தடவையும் வெண்கலம் வாங்கிட்டு வந்தாங்க. அப்புறம் 2024 பாரிஸ். முதல் ஆட்டத்திலேயே சுவீடன்கிட்ட 28-32ன்னு தோல்வி. அதுக்கப்புறம் ஒரு ஆட்டத்தைக்கூட விடலை. இறுதியாட்டம் லீல் நகர்ல, பிரான்ஸை அவங்க சொந்த மண்ணுலேயே 29-21. லுண்டேவுக்கு அப்போ 44 வயசு. மூணாவது தங்கம், மொத்தத்துல அஞ்சாவது ஒலிம்பிக் பதக்கம்.

கிளப் கணக்கு தனி. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் ஏழு தடவை. 2009, 2010-ல டென்மார்க்கோட வீபோர். 2013, 2014-ல ஹங்கேரியோட ஜியோர். 2021, 2022, 2023-ல சொந்த ஊர்க் கிளப்பான வைப்பர்ஸ். கடைசி மூணையும் நாற்பது வயசைத் தாண்டி ஜெயிச்சிருக்கார்.

இப்ப என் கேள்வி. நான் இங்க சாயங்காலம் சில பிள்ளைங்களுக்கு கோல் பயிற்சி கொடுக்கறேன். நானும் ஸ்கூல்ல கோல் நின்னவதான். வருஷா வருஷம் ஒரு நல்ல பிள்ளை வரும். பார்த்த உடனே தெரியும், கண்ணு பந்தைவிட்டு நகராது. ஐந்தாம் படிவம் முடிஞ்சதும் காணாம போயிடும். லுண்டே கணக்குப்படி பார்த்தா 17 வயசுங்கிறது கோல்கீப்பருக்குத் தொடக்கமே இல்லை. இதைப் பத்தி உங்க எல்லார் கருத்தும் வேணும்.


சாலாக் பையன் | சுங்கை சிப்புட்

அக்கா, நல்ல இழை. ஆனா நார்வேயையும் நம்ம ஊரையும் பக்கத்துல வச்சுப் பார்க்கிறது சரியா? அங்க ஊருக்கு ஊர் உள்ளரங்கம், பொண்ணுங்க லீக் டிவியில வருது. இங்க தோட்டத்துப் பாடாங்ல (திடல்ல) மழை பெஞ்சா ரெண்டு நாளைக்கு இறங்க முடியாது. என் தங்கச்சி மாவட்டம் வரைக்கும் ஆடினா. அதுக்கு மேல அவளுக்கு எங்க போகணும்னு யாருமே சொல்லலை. ஆடணும்னு ஆசை இல்லாம அவ நிறுத்தலை.


ஓய்வுபெற்ற சிகு | பாரிட் புந்தார்

வணக்கம் அம்மா. உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். பாரிட் புந்தார், பாகான் செராய் வட்டாரப் பள்ளிகளில் பல ஆண்டுகள் எறிபந்து அணிகளை அழைத்துக்கொண்டு போயிருக்கிறேன். தம்பி சாலாக் பையன் சொன்னது நியாயம். நார்வே நமக்குத் தூரம். ஆகவே ஆசியாவிலிருந்து ஒருவரைச் சொல்கிறேன்.

தென்கொரியாவின் ஓ யோங் ரான். பிறந்தது 1972. அவரும் கோல்கீப்பர். 1996 அட்லாண்டாவில் வெள்ளி. 2004 ஏதென்ஸ் இறுதியாட்டத்தில் டென்மார்க்கோடு இரண்டு முறை கூடுதல் நேரம் ஆடி 34-34 என்று நின்றது. பிறகு ஏழு மீட்டர் எறிதலில், அதாவது பெனால்டியில், தோற்றார்கள். அந்த ஆட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். கொரியப் பிள்ளைகள் டேனிஷ் ஆட்டக்காரர்களின் தோள் உயரம்தான் இருந்தார்கள், ஆனாலும் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை. 2008 பெய்ஜிங்கில் வெண்கலம். அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருக்க, 2016 ரியோவில் மறுபடியும் வந்தார். அது அவருடைய ஐந்தாவது ஒலிம்பிக். அவரும் தாய்தான். கணவரும் எறிபந்து கோல்கீப்பர்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நம் பெற்றோர் “நம்ம பிள்ளை குள்ளம், இது வெள்ளைக்காரிகளின் ஆட்டம்” என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். கொரியாவைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை. 1990-இல் தொடங்கி 2006 வரை ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் பெண்கள் எறிபந்துத் தங்கம் முழுக்க கொரியாவுக்கே போனது.


மூணு பிள்ளை அம்மா | கோலகங்சார்

சிஸ்டர், நான் விளையாட்டு தெரிஞ்சவ இல்லை. என் நடு மகள் மூணாம் படிவம், போன வருஷத்திலிருந்து கோல் நிக்கிறா. ஒரு நாள் மூஞ்சியில பந்து பட்டு மூக்குல ரத்தத்தோட வந்தா. அவங்க அப்பா அன்னைக்கே போதும்னுட்டார். அவ அழுது அடம்பிடிச்சு திரும்பப் போறா. தடுக்கவும் மனசு வரலை, அனுப்பவும் பயமா இருக்கு. பொம்பளைப் பிள்ளை, முகத்துல ஏதாவது ஆயிட்டா நாளைக்கு யாரு பதில் சொல்றது? இந்தப் பயம் தப்பா?


செம்பனைக்காட்டுப் பெண்

அம்மா, பயம் தப்பே இல்லை. பெத்தவங்களுக்கு அந்தப் பயம் இருக்கணும். உங்களுக்குக் கொஞ்சம் விவரமா சொல்றேன், அப்பாகிட்டயும் காட்டுங்க.

முதல் விஷயம், சட்டம் மாறியிருக்கு. 2022 ஜூலையிலிருந்து அனைத்துலக விதிப்படி, ஆட்டம் ஓடிக்கிட்டு இருக்கும்போது கோல்கீப்பருக்கு முன்னால தடுக்க யாரும் இல்லாம எறியறவங்க பந்தை நேரா கோல்கீப்பர் தலையில அடிச்சா, எறிஞ்சவங்களுக்கு ரெண்டு நிமிஷம் வெளியே. ஏழு மீட்டர் எறியும்போது கோல்கீப்பர் தலையை அசைக்காம நின்னு, பந்து தலையில பட்டா எறிஞ்சவங்களுக்குச் சிவப்பு அட்டை. அதனால தலைக்குக் குறிவச்சு எறியற பழக்கம் குறையணும். உங்க பிள்ளை ஸ்கூல் போட்டிகள்ல நடுவர் இதைப் பார்க்கிறாரான்னு அவ ஸ்கூல் சிகுகிட்ட (ஆசிரியர்கிட்ட) தைரியமா கேளுங்க. கேக்கிறது உங்க உரிமை.

ரெண்டாவது விஷயம், பந்து. பெரிய பெண்கள் ஆடற பந்து சுத்தளவு 54-லிருந்து 56 செ.மீ., எடை 325-லிருந்து 375 கிராம். சின்னப் பிள்ளைங்களுக்கு அதுக்கும் சின்னப் பந்து இருக்கு, 50-லிருந்து 52 செ.மீ., கிட்டத்தட்ட 300 கிராம். நான் பார்த்த சில இடத்துல ஒரே பந்தை வச்சு ஆம்பளைப் பிள்ளைங்களும் பொம்பளைப் பிள்ளைங்களும் பயிற்சி பண்றாங்க. அது ஆம்பளைங்க பந்து, 425 கிராமுக்கு மேல. பதினாலு வயசுப் பொண்ணு முகத்துல அது படக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் எந்தப் பந்துல பயிற்சின்னு கேளுங்க. பந்து மேல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அளவு போட்டிருக்கும். மூணுன்னு இருந்தா பேசியே ஆகணும்.

மூணாவதுதான் பெரிய விஷயம். முகத்துல அடிபடற பிள்ளைங்க பெரும்பாலும் கண்ணை மூடிக்கிட்டு முகத்தைத் திருப்பற பிள்ளைங்க. கையைக் கீழ தொங்க விட்டுட்டு நிக்கிறவங்க. கை தோள் உயரத்துல, உள்ளங்கை முன்னால பார்க்கிற மாதிரி இருந்தா முகத்துக்கு வர்ற பந்து முதல்ல கையிலதான் படும். இதை யாராவது அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாங்களான்னு பாருங்க. சொல்லிக் கொடுக்காம கோல்ல நிக்க வச்சிருந்தா, தப்பு அவ மேலயும் இல்லை, ஆட்டத்து மேலயும் இல்லை.


ஈப்போ ரயில் | ஈப்போ

அக்கா கடைசியா சொன்னதை நான் அழுத்திச் சொல்றேன். நான் ஆட்டக்காரி, கோல் இல்லை, விங், அதாவது ஓரத்துலேருந்து எறியறவ. எங்க ஸ்கூல்ல கோல்கீப்பரை எப்படித் தேர்ந்தெடுத்தாங்க தெரியுமா? முதல் நாள் எல்லாரையும் பாடாங்கைச் சுத்தி ஓடச் சொன்னாங்க. கடைசியா வந்த பிள்ளையைப் பார்த்து, நீ குண்டா இருக்க, கோல்ல நில்லுன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அந்தப் பிள்ளையும் சேர்ந்து சிரிச்சா, ஆனா கண்ணு கலங்கியிருந்துச்சு. அதுக்கப்புறம் அவ கோல்ல நின்ன ஒவ்வொரு நாளும் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். ரெண்டு வருஷம் எங்களைக் காப்பாத்தினா. யாரும் அவளுக்கு ஒரு பயிற்சிகூடக் கொடுக்கலை. நாங்க எறிஞ்சு பழக அவ ஒரு சுவர், அவ்வளவுதான் எங்க சிகுவுக்கு.

இத்தனை வருஷம் ஆகியும் இதை நினைச்சா கோபம் வருது. பிள்ளைங்க ஏன் நிறுத்திடறாங்கன்னு கேட்டீங்க. தண்டனையாக் கொடுத்த இடத்துல யாருதான் நாற்பது வயசு வரைக்கும் நிப்பாங்க?


ஓய்வுபெற்ற சிகு

அம்மா ஈப்போ ரயில், நீங்கள் சொன்னது நடந்துகொண்டுதான் இருக்கிறது. என் சக ஆசிரியர்கள் பலர் எறிபந்து ஆடியவர்கள் அல்லர். பொறுப்பு கொடுத்துவிட்டார்கள், அதனால் செய்கிறார்கள். எறிகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க அவர்களுக்கு ஓரளவு தெரியும். கோல்கீப்பருக்கு என்ன சொல்வது என்று தெரியாது.

நார்வேயின் பலம் எங்கே என்று கேட்டால், என் பதில் அங்கே கோல்கீப்பருக்குத் தனிப் பயிற்சியாளர் உண்டு என்பதுதான். சுவீடனின் பழைய கோல்கீப்பர் மாட்ஸ் ஓல்சன் நீண்டகாலம் நார்வேப் பெண்களுக்கு அந்த வேலையைச் செய்தார். லுண்டேவுக்கு முன்னால் செசிலியே லெகாங்கர், அவர் 2001-இல் உலகின் சிறந்த ஆட்டக்காரராகவே தேர்வானவர். லுண்டே காலத்திலேயே காரி கிரிம்ஸ்பூ, பிறகு சில்யே சூல்பர்க். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் வந்து நின்றார்கள். மூத்தவள் இளையவளுக்குச் சொல்லிக் கொடுத்த வரிசை அது. நம் ஊரில் அந்த வரிசை ஒவ்வொரு ஐந்தாம் படிவத்தோடும் அறுந்துபோகிறது.


செம்பனைக்காட்டுப் பெண்

சிகு, நீங்க சொன்ன வரிசை, நான் இந்த இழை தொடங்கினதே அதுக்காகத்தான். இதைக் கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

எறிபந்து கோல் ரெண்டு மீட்டர் உயரம், மூணு மீட்டர் அகலம். முன்னால ஆறு மீட்டர்ல கோடு. அந்தக் கோட்டுக்குள்ள கோல்கீப்பரைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. ஆனா கோட்டுக்கு வெளியே காலை ஊன்றி உள்ள பாய்ஞ்சு, காத்துல இருக்கும்போதே எறியலாம். அப்படி எறியும்போது பந்து உங்ககிட்டயிருந்து மூணு, நாலு மீட்டர்லதான் கிளம்பும். ஆறு மீட்டர்லேயே கிளம்புதுன்னு வச்சாலும், மணிக்கு 90 கி.மீ. வேகத்துல வர்ற பந்து கால் வினாடிக்குள்ள வந்துடும். பார்த்து, முடிவெடுத்து, கையைத் தூக்க அந்த நேரம் பத்தாது. அப்ப எப்படித் தடுக்கறாங்க?

பந்து கையைவிட்டுக் கிளம்பறதுக்கு முன்னாலேயே தடுக்கறாங்க. எறியறவளோட தோள் எந்தப் பக்கம் திறக்குது, முழங்கை எவ்வளவு உயரம், கடைசி நொடியில மணிக்கட்டு எப்படி மடங்குது, ஓடி வந்த காலடி எத்தனை. இதையெல்லாம் கண்ணு தானா படிச்சுடும். பால்மரம் சீவறவங்களுக்குப் பட்டை எவ்வளவு ஆழம்னு கை சொல்ற மாதிரி. அந்தப் படிப்பு வர ஆயிரக்கணக்கான எறியைப் பார்த்திருக்கணும். ஓடறதுல, குதிக்கிறதுல 25 வயசுக்காரி 45 வயசுக்காரியை ஜெயிச்சுடுவா. எறியைப் படிக்கிறதுல முடியாது. லுண்டே அத்தனை வருஷம் நின்னதுக்கு உடம்பு ஒரு பாதின்னா, கண்ணுல சேர்த்து வச்ச எறிகள் இன்னொரு பாதி.

நின்னு பார்த்தா புரியும், ஒவ்வொரு இடத்திலிருந்து வர்ற எறிக்கும் நிக்கிற விதம் வேற. ஒன்பது மீட்டர்லேருந்து எறிஞ்சா, கோல் கோட்டுக்கு ஒரு எட்டு முன்னால நின்னு, பந்து கை மாற மாற சின்னச் சின்ன அடியா பக்கவாட்டுல நகரணும். கால் ரெண்டையும் சேர்த்து வைக்கக் கூடாது, குதிகால் தரையில உட்காரக் கூடாது. விங்லேருந்து குதிச்சு வர்றவளுக்கு, பக்கத்துக் கம்பத்தை உடம்பால மூடிட்டு, கம்பத்துப் பக்கக் கையை தலைகிட்ட உயர்த்தி வச்சுட்டு, காத்திருக்கணும். காத்திருக்கிறதுதான் கஷ்டம். முதல்ல அசையறவ தோத்தா. நடுவுல கோட்டுகிட்ட பந்து வாங்கித் திரும்பறவளுக்கு, பின்னால நிக்காம முன்னால பாய்ஞ்சு கையையும் காலையும் விரிச்சுப் பெரிசாகணும். ஏழு மீட்டர் எறிக்கு நாலு மீட்டர் கோடு வரைக்கும் முன்னால வரலாம். வரணுமா, பின்னால நிக்கணுமான்னு எறியறவளைத் தெரிஞ்சு முடிவெடுக்கணும்.

உலகத்தரத்துல மூணுல ஒண்ணைத் தடுத்தாலே நல்ல நாள். பத்துல நாலு தடுத்தா அந்த ஆட்டமே அவ பேர்ல. அதாவது பாதிக்கு மேல உள்ள போகத்தான் செய்யும். இதை ஒரு பதினாலு வயசுப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லணும். சொல்லாததால, ஒவ்வொரு கோலுக்கும் அவ தலை குனிஞ்சு நிக்கிறா, மத்த பிள்ளைங்க அவளையே பார்க்கறாங்க.

இன்னொண்ணு, இது நம்ம ஊருக்கே உள்ள பிரச்சினை. நம்ம பிள்ளைங்க பயிற்சி பண்றது சிமெண்ட் தளத்துலயோ தார்த் தளத்துலயோ. கீழ் மூலைக்கு வர்ற பந்தைக் காலை நீட்டிச் சறுக்கித்தான் எடுக்கணும், கூடவே அதே பக்கக் கையும் இறங்கணும். தார்ல சறுக்கினா முட்டி, தொடை எல்லாம் தோல் உரியும். ஒரு தடவை உரிஞ்ச பிள்ளை அடுத்த தடவை காலை நீட்டாது. நின்னபடியே கையை மட்டும் ஆட்டும். ஈப்போவுல பெரிய போட்டிக்குப் போய் டேவான் (மண்டபம்) உள்ள, வழவழன்னு இருக்கிற தரையில ஆடும்போதும் அந்தப் பயம் உடம்புல இருக்கும். எதிரணிக்காரங்க பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சு, எல்லாப் பந்தையும் கீழ் மூலையிலேயே போடுவாங்க. இதைப் பார்க்கும்போது வயிறு எரியும்.


கிள்ளான் வாசகன் | கிள்ளான்

மன்னிக்கணும், நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். எல்லாம் சரி. ஆனா ஐந்தாம் படிவத்துக்கு அப்புறம் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிவு, பல்கலைக்கழகத்துக்கு முந்தின மெட்ரிகுலேஷன் படிப்புல இடம், இல்லாட்டி உடனே வேலை, இதுதான் முக்கியம். எங்க அக்கா செம்பனைத் தோட்டத்துல வேலை செஞ்சு என்னைப் படிக்க வச்சவங்க. அவங்ககிட்டப் போய் நீங்க நாற்பது வயசு வரைக்கும் எறிபந்து ஆடுங்கன்னு சொல்ல முடியுமா? எறிபந்துல சம்பளம் கிடையாது. அதை நம்பி ஒரு பிள்ளை படிப்பை விட்டுட்டா அந்தக் குடும்பத்துக்கு யார் பொறுப்பு?


செம்பனைக்காட்டுப் பெண்

அண்ணா, மன்னிப்பெல்லாம் வேண்டாம். உங்க அக்கா மாதிரி ஆளுங்களாலதான் நாம எல்லாரும் இங்க எழுதிக்கிட்டு இருக்கோம்.

படிப்பை விடச் சொல்லலை, என்னைக்கும் சொல்ல மாட்டேன். சம்பளம் கிடையாதுங்கிறதும் உண்மை. சம்பளம் கொடுக்கிற இடத்திலேயும் அது நிலையில்லை. லுண்டேவோட சொந்த ஊர்க் கிளப் வைப்பர்ஸ், மூணு வருஷம் தொடர்ந்து ஐரோப்பாவை ஜெயிச்ச கிளப், 2025 ஜனவரியில கடன் தாங்காம திவாலாச்சு. நடு சீசன்ல, 44 வயசுல, அவர் டென்மார்க்கோட ஓடென்ஸ் கிளப்புக்குப் போனார். உலகத்துச் சிறந்த கோல்கீப்பருக்கே அந்த நிலைமைன்னா, நம்ம பிள்ளைங்க இதை வயித்துப் பிழைப்பா நம்பக் கூடாது. இதுல உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

நான் கேக்கிறது வேற. வேலைக்குப் போய்க்கிட்டே, படிச்சுக்கிட்டே, வாரத்துல ஒரு சாயங்காலம் ஆட ஏன் இடம் இல்லை? நம்ம அண்ணன் தம்பிங்களுக்கு இருக்கே. கல்யாணமாகி, பிள்ளை பெத்து, நாற்பது வயசுலயும் ஞாயித்துக்கிழமை ஆனா பூட் மாட்டிக்கிட்டு தோட்டத்துப் பாடாங்ல பந்து விளையாடறாங்க. யாரும் எதுக்குன்னு கேக்கறதில்லை. தீபாவளிக்கு, பொங்கலுக்கு கிண்ணம் வச்சுப் போட்டி நடத்தறோம். பொண்ணுங்களுக்கு அன்னைக்குக் கோலப் போட்டி, இல்லாட்டி நாற்காலி விளையாட்டு. ஸ்கூல்ல மாநிலத்துக்கு ஆடின பொண்ணு, அண்ணன் ஆடறதைக் கோட்டுக்கு வெளியே நின்னு பார்க்கறா.

படிப்புக்கும் இது உதவும்னு பெத்தவங்களுக்குச் சொல்லணும். பல்கலைக்கழக விண்ணப்பத்துல மதிப்பெண்ல பத்து விழுக்காடு புறப்பாடத்துக்கு. மாவட்டம், மாநிலம்னு ஆடின சான்றிதழ் அதுல கணக்கு. நான் பயிற்சி கொடுக்கிற பிள்ளைங்க வீட்டுக்கு இதைச் சொல்லித்தான் அனுமதி வாங்கறேன்.


மூணு பிள்ளை அம்மா

சிஸ்டர், நேத்து ராத்திரி இதையெல்லாம் அவங்க அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். பந்து விஷயம் கேட்டோம். அளவு மூணுதானாம். ஸ்கூல்ல சின்னப் பந்து ரெண்டு இருக்காம், காத்து இறங்கிப்போய் ஸ்டோர்ல கிடக்குதாம். அப்பா நாளைக்கு வேலை முடிஞ்சு பம்ப் எடுத்துக்கிட்டு ஸ்கூலுக்குப் போறார். நிறுத்தறேன்னு சொன்ன மனுஷன் இப்ப சட்டம் எல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கார்.


சாலாக் பையன்

ஆன்ட்டி, அங்கிளுக்கு என் வணக்கம் சொல்லுங்க!

அக்கா, ஞாயித்துக்கிழமை விஷயம் சொன்னீங்களே, அது மனசுல தச்சுடுச்சு. எங்க டீம் நாலு மணியிலிருந்து ஆறரை வரைக்கும் பாடாங்கைப் பிடிச்சு வச்சிருக்கோம். ஐந்தரை வரைக்கும் ஆடினா எங்களுக்குப் போதும். பசங்ககிட்ட நான் பேசறேன். எறிபந்துக் கோல் கம்பம்தான் எங்கன்னு தெரியலை.


நாலாம் படிவம் கோல் | சுங்கை சிப்புட்

வணக்கம். நான் அக்காகிட்ட ட்ரெயினிங் வர்ற பொண்ணு. முதல் தடவை இங்க எழுதறேன். சிகு சொன்ன கொரியா அக்காவோட ஆட்டத்தைத் தேடிப் பார்த்தேன். அவங்க கோல் விட்ட உடனே பந்தை எடுத்து நடுவுக்கு எறிஞ்சிடறாங்க. நின்னு யோசிக்கிறதே இல்லை. நான் கோல் விட்டா கொஞ்ச நேரம் அப்படியே நின்னுடுவேன். அதை மாத்தணும்னு இருக்கேன்.

எனக்கு ரெண்டு சந்தேகம். ஒண்ணு, லாங் பேண்ட் போட்டா சூடா இருக்கு, ஷார்ட்ஸ் போட்டா முட்டி போகுது. எது நல்லது? இன்னொண்ணு, விங்லேருந்து வர்றவங்க கடைசி நேரத்துல என் தலைக்கு மேல மெதுவா தூக்கிப் போட்டுடறாங்க. நான் முன்னால வந்ததால போகுது. வராம இருந்தா பக்கத்துல போட்டுடறாங்க. என்ன பண்றது?

அப்புறம், அடுத்த வருஷம் ஐந்தாம் படிவம். அதுக்கப்புறமும் நான் ஆடணும். இடம் இருந்தா.


ஈப்போ ரயில்

தங்கச்சி, நான் விங் ஆடினவ, அதனால எதிர்ப்பக்கத்து ரகசியம் சொல்றேன். கோல்கீப்பர் முன்னால வந்ததுக்காக நாங்க தலைக்கு மேல தூக்கிப் போடறதில்லை. வந்துக்கிட்டே இருக்கிறதுக்காகப் போடறோம். நீ ரெண்டு அடி வந்து நின்னுட்டா எங்களுக்கு யோசனை வந்துடும். ஓடி வந்துக்கிட்டே இருந்தா உன்னால பின்னால போக முடியாது, அது எங்களுக்குத் தெரியும். நான் எறியறதுக்கு முன்னால நீ நின்னிருக்கணும். கையை மேலேயே வச்சுக்க. ஞாயித்துக்கிழமை ஆட்டம் நடந்தா நான் ஈப்போவிலிருந்து வர்றேன், உனக்கு எறிஞ்சு காட்டறேன்.


ஓய்வுபெற்ற சிகு

மகளே, நீளக் கால்சட்டையே போடு. பெரிய கோல்கீப்பர்கள் பெரும்பாலும் அதைத்தான் போடுகிறார்கள். மெல்லிய பருத்தித் துணியாக இருந்தால் சூடு குறையும். உள்ளே முட்டிக்கு கைப்பந்து (வாலிபால்) ஆடுகிறவர்கள் போடுகிற பஞ்சுக் கவசம் போடலாம். பயிற்சியைப் புல்லில் வைத்துக்கொண்டால் சறுக்கப் பழகலாம். பந்து சரியாகத் துள்ளாது, பரவாயில்லை, கோல்கீப்பருக்குத் துள்ளல் அவ்வளவு முக்கியமில்லை.

தம்பி சாலாக் பையன், கோல் கம்பத்துக்குக் கவலை வேண்டாம். என்னிடம் பழைய இரும்புக் கம்பம் ஒரு ஜோடி இருக்கிறது. வலை கிழிந்திருக்கிறது, கட்டிக்கொள்ளலாம். லாரி யாரிடமாவது இருந்தால் பாரிட் புந்தாரிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கம்பத்தைத் தரையில் முளை அடித்துக் கட்டாமல் ஒரு பிள்ளையைக்கூட முன்னால் நிற்க விடாதீர்கள். சாய்ந்தால் ஆபத்து.


கிள்ளான் வாசகன்

லாரிக்கு என்ன செலவோ அதை நான் தர்றேன். அக்காவுக்கு இந்த இழையை அனுப்பினேன். அவங்களும் தமிழ்ப்பள்ளியில எறிபந்து ஆடினவங்களாம். இத்தனை வருஷத்துல எனக்குச் சொன்னதே இல்லை.


செம்பனைக்காட்டுப் பெண்

எல்லாருக்கும் நன்றி. சிகு, இந்த வாரமே எங்க மாமா லாரியோட வருவார், நேரத்தைத் தனிச்செய்தியில சொல்லுங்க. கிள்ளான் அண்ணா, எண்ணெய்க் காசு மட்டும் போதும்.

ஞாயித்துக்கிழமை ஐந்தரைக்கு. ஸ்கூல் பிள்ளைங்களோட, ஸ்கூல் முடிச்சவங்களும், கல்யாணமானவங்களும் வரணும். பதினாறு வயசுப் பிள்ளைக்கு முப்பது வயசு அக்கா எறியணும், அப்பத்தான் கண்ணு பழகும். கைக்குழந்தை இருக்கிறவங்க கூட்டிக்கிட்டு வாங்க, எங்க அம்மா பார்த்துப்பாங்க. முதல் நாள் ஆட்டம் கிடையாது. வர்ற எல்லாரும் ஒரு பத்து எறியாவது கோல்ல நிக்கணும், நல்லா ஓடறவங்களும் சேர்த்துத்தான். அப்புறம் யாருக்கு அந்த இடம் பிடிக்குதுன்னு அவங்களே சொல்லட்டும்.

ரெண்டாம் அளவுப் பந்து என்கிட்ட மூணு இருக்கு. வீட்டுல இருக்கிறவங்க எடுத்துக்கிட்டு வாங்க. மழை பெஞ்சா சமூக மண்டபத்துல, அங்க எறிய முடியாது, ஆனா நிக்கிற முறையும் கால் அடியும் பழகலாம்.